சொல்லி வைத்த கண்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் என் அண்ணி. கொடுத்தார் என்பதைவிட என் தலையில் கொட்டினார் என்பதே சரி. வேலை முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் குடை. சமையலறை வாசலில் நின்றபடி மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

"அண்ணி, இதை நான் எழுதட்டுமா?"

"தாராளமா எழுது. ஆனா என்னை ரொம்ப நல்லவளா எழுதிடாதே. ஆபீஸ்ல சிரிப்பாங்க."

அன்று பிடித்த படபடப்பு இன்னும் எனக்கு இறங்கவில்லை. படபடப்போடு எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? தொடக்கம் வராது. வந்தவற்றைக் காட்டுகிறேன்.

முதல் தொடக்கம்: "ரயில் நிலையத்துக்கு ஆயிரம் கண்கள் உண்டு." (அடித்துவிட்டேன். அண்ணி வேலை பார்ப்பது ரயில் நிலையத்தின் கேமரா அறையில். இதைப் படித்துக் காட்டினேன். "அது கண்ணில்லம்மா, கேமரா. கண்ணு எங்களுக்குத்தான் இருக்கு. பிரச்சினையே அதுதான்" என்றார்.)

இரண்டாம் தொடக்கம்: "போன் அடித்தபோது அண்ணி பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் சொன்னதைக் கேட்டதும் பிஸ்கட் பாதி உடைந்து—" (இது உண்மை. உடைந்து உள்ளே விழுந்ததும் உண்மை. ஆனால் யாரைக் காணோம், ஏன் பதற வேண்டும் என்று தெரியாதவரிடம் பிஸ்கட் விழுந்ததைச் சொல்லி என்ன பயன்?)

மூன்றாவது, எந்த அலங்காரமும் இல்லாமல், கீழே இருக்கிறது.

2

அப்பாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள், மருந்து விட்டார்கள், பெரிய கருப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி அனுப்பினார்கள். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. வெல்டிங் பட்டறையில் போட்டுக்கொள்வார்களே, ஏறக்குறைய அது மாதிரி. இடது கண்ணிலும் புரை இருந்தது. அதற்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருந்தார்கள்.

"குனியக் கூடாது, கண்ணைத் தேய்க்கக் கூடாது. படி ஏறி இறங்கும்போது யாராவது கையைப் பிடிச்சுக்குங்க" என்று நர்ஸ் அண்ணனிடம் சொல்லி அனுப்பினார். ஒரு கண் தெளிவாகவும் ஒரு கண் மங்கலாகவும் இருக்கும்போது தூரம் சரியாகப் பிடிபடாது. தரை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று கணிப்பதில் தடுமாற்றம் வரும். ரயில் நடைமேடையில் அது எவ்வளவு ஆபத்து என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு, "முன்னாடி மட்டும் பாக்காதே, பக்கத்துல பாரு, பின்னாடி பாரு" என்று சொல்லிக்கொடுத்தே தொண்டை கட்டிப்போனவர். அவரைப் போய்க் கையைப் பிடித்து நடத்துவதா? ஆஸ்பத்திரியிலிருந்து நிலையம் வரை அண்ணன் நீட்டிய கையைத் தட்டிவிட்டுக்கொண்டேதான் வந்தார்.

முதல் நடைமேடை பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு அண்ணன் டிக்கெட் வாங்கப் போனான்.

"இங்கயே இருங்கப்பா. எங்கயும் போயிடாதீங்க."

"நான் என்ன பச்சைக் குழந்தையா? போடா."

டிக்கெட்டோடு திரும்பியபோது அந்த பெஞ்சில் ஒரு கணவன் மனைவி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா இல்லை. அவருடைய போன் அண்ணனின் பையில் இருந்தது.

அண்ணியை அண்ணன் போனில் "மேலிடமா?" என்றுதான் கூப்பிடுவான். அவர் வேலை செய்யும் அறை நிலையத்தின் மாடியில் இருப்பதால் ஒரு கேலி. வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம் என்பதால் இன்னொரு கேலி. அன்று மேலிடம் இல்லை, கேலி இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அப்போதே அண்ணிக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"அப்பாவைக் காணோம்."

"பதறாதீங்க. என்ன போட்டிருந்தார்?"

"கருப்புக் கண்ணாடி. பெரிசா இருக்கும். அப்புறம் ஆஸ்பத்திரி ஏசிக்குன்னு போட்ட அந்த மெரூன் ஸ்வெட்டர்."

(அது பிரவுன் என்று அண்ணன் இப்போது சொல்கிறான். "நீங்க மெரூன்னுதான் சொன்னீங்க" என்கிறார் அண்ணி. இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. நம் கதைக்கு மெரூன் போதும்.)

அண்ணி வாக்கி-டாக்கியை எடுத்தார். "எல்லா கேட் காவலர்களும் கவனிங்க. எழுபது வயசுப் பெரியவர் ஒருத்தரைக் காணோம். கருப்புக் கண்ணாடி, மெரூன் ஸ்வெட்டர். திரும்பச் சொல்றேன், கருப்புக் கண்ணாடி, மெரூன் ஸ்வெட்டர்."

3

வாருங்கள், நீங்களும் தேடுங்கள். உட்கார அண்ணியின் பக்கத்து நாற்காலி இருக்கிறது. அறையில் ஏசி நடுக்கும். போர்த்திக்கொள்ள ஏதாவது எடுத்து வாருங்கள். எதிரே சுவர் முழுக்கத் திரைகள். கருப்புக் கண்ணாடி. மெரூன் ஸ்வெட்டர். தயாரா?

டிக்கெட் வரிசையில் ஒருவர் கருப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார், ஆனால் இளைஞர். புத்தகக் கடை முன்னால் மெரூன், அது ஒரு பெட்டி. இரண்டாம் நடைமேடையில் கண்ணாடி, கண்ணாடி, மறுபடி கண்ணாடி. வெளியே வெயில் அப்படி. தள்ளுவண்டியில் மூட்டைகள். மேம்பாலப் படிக்கட்டில் பள்ளிப் பெண்கள் கும்பலாக ஏறுகிறார்கள், கைப்பிடியைப் பிடித்தபடி வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அவர்களுக்கு ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்க்கிறார், ஒரு பெண்ணின் நெற்றிக்கு மேல் கருப்பாக ஏதோ பளபளக்கிறது, இல்லை, அது ஹேர்பேண்ட். தண்ணீர்க் குழாயடியில் ஸ்வெட்டர்! சிவப்பு. கழிவறை வாசலில் ஸ்வெட்டர்! அது ஒரு பாட்டியம்மா. நான்காம் நடைமேடையின் தூணுக்குப் பின்னால் ஒரு கை, கையில் கருப்புக் கண்ணாடி, துடைக்கிறது, திரும்புகிறது, முகம் தெரிகிறது. மீசை. அப்பாவுக்கு மீசை கிடையாது.

காவலர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். கீழே அண்ணன் நடைமேடை நடைமேடையாக ஓடினான்.

கொஞ்ச நேரத்தில் வாக்கி-டாக்கி உறுமியது. "மேடம், கிடைச்சுட்டார்! கருப்புக் கண்ணாடி, ஸ்வெட்டர், எல்லாம் கரெக்டா இருக்கு. மேலே கூட்டிட்டு வர்றேன்."

அண்ணிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

4

இந்த நான்காம் பகுதியை வெட்டிவிடு என்று பத்திரிகையில் வேலை பார்க்கும் என் தோழி சொன்னாள். வெட்டவில்லை. ஏன் என்று நீங்களே பாருங்கள்.

கதவு திறந்தது. காவலருக்குப் பின்னால் பெரிய கருப்புக் கண்ணாடியும் பழுப்பும் சிவப்பும் கலந்த ஸ்வெட்டருமாக ஒரு பெரியவர் வந்தார். அண்ணி "மாமா" என்று எழுந்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

"யாரும்மா நீ? இவன் எதுக்கு என்னைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றான்? கீழே என் பொண்ணு என்னைக் காணோம்னு அலறிட்டு இருப்பா!"

அவர் பேசி முடிப்பதற்குள், தகவல் கேட்டு மூச்சிரைக்க ஓடிவந்த அண்ணன் அந்த ஸ்வெட்டர் முதுகைப் பார்த்தான். அவ்வளவுதான், பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். "அப்பா! எங்கப்பா போயிட்டீங்க?"

"விடுப்பா! எனக்கு ஒரே ஒரு பொண்ணுதான். நீ எப்படா பிறந்தே?"

ஒருவரைத் தேடப் போய் இன்னொருவரைத் தொலைத்தாயிற்று. (இந்தப் பெரியவரைத் "தவறான அப்பா" என்றுதான் எங்கள் வீட்டில் இன்றும் சொல்கிறோம். நல்ல மனிதர். அவருக்கும் அந்தப் பட்டம் பிடித்திருக்கிறது.)

"ரெண்டு கிழவர், ஒரே கண்ணாடி, ஒரே ஸ்வெட்டர். யார் நம்புவா?" என்றாள் தோழி. ஏன் நம்ப முடியாது? நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் கண் ஆஸ்பத்திரி. காலையில் கட்டுப் பிரிக்கும் எல்லோருக்கும் ஒரே கண்ணாடி. வயதானவர்களுக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் ஸ்வெட்டர் எல்லாமே அந்த ஒரு நிறத்தில்தான் இருக்கிறது. இது தற்செயலே இல்லை. காவலர் செய்ததும் தப்பு இல்லை. அவரிடம் சொன்னது கண்ணாடி, ஸ்வெட்டர். அவர் கொண்டுவந்ததும் கண்ணாடி, ஸ்வெட்டர். உள்ளே யார் இருக்கிறார் என்று பார்க்கச் சொல்லி யாரும் அனுப்பவில்லை.

காவலரை அந்தப் பெண்ணைத் தேடி அனுப்பிவிட்டு, அண்ணி பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"உங்கப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டா சுத்துவார்னு நினைக்கிறே?"

"டாக்டர் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்" என்றான் அண்ணன்.

"எனக்கும்தான் சொன்னார். வழியெல்லாம் நான் கழட்டிட்டுத்தான் வந்தேன். பொண்ணு திட்டித் திட்டி இப்பத்தான் மாட்டிவிட்டா. மாட்டினதும் இந்த ஆள் வந்து பிடிச்சுட்டான்."

"ஏன் கழட்டினீங்க?" அண்ணி கேட்டார்.

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நீலத்துக்காகத்தாம்மா! அந்த ஆஸ்பத்திரியில ஒரு வாளி இருந்தது. சாதாரண பிளாஸ்டிக் வாளி, தரை துடைக்கிறது. அதைப் பார்த்து அப்படியே நின்னுட்டேன். இத்தனை வருஷமா நீ இவ்வளவு நீலமாவா இருந்தேன்னு அதுகிட்டயே கேட்டேன். நர்ஸ் சிரிக்கிறா."

(இது அவருடைய கற்பனை இல்லை. புரை வளர வளரக் கண்ணின் லென்ஸ் பழைய வார்னிஷ் மாதிரி மஞ்சளாகி, பழுப்பாகிவிடும். நீலத்தை அது உள்ளே விடாது. கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்கும் தெரியாது. அந்த லென்ஸை எடுத்த மறுநாள், பல வருஷத்து நீலம் ஒரே மூச்சில் கண்ணுக்குள் வந்து விழும்.)

5

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். நிறுத்தக் கூடாத இடம் என்று தெரியும். என்னால் அடக்க முடியவில்லை.

மூன்றாம் பகுதிக்குப் போய் இன்னொரு தரம் படித்துவிட்டு வாருங்கள். மேம்பாலப் படிக்கட்டு. பள்ளிப் பெண்கள். கைப்பிடியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டைக்காரர்.

அவர்தான் அப்பா!

புழுக்கம் தாங்காமல் ஸ்வெட்டரைக் கழற்றித் துணிப்பைக்குள் திணித்திருந்தார். கண்ணாடி சட்டைப் பையில். நான் ஒளித்து வைக்கவில்லை, வாக்கியத்தின் நடுவில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். நீங்கள் கண்டுபிடித்திருந்தால் உங்களை அண்ணியின் அறைக்கே வேலைக்கு அனுப்பலாம். கண்டுபிடிக்கவில்லை என்றாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிற்பாடு பதிவைப் போட்டுப் பார்த்தபோது, அந்த நேரத்தில் அந்தத் திரையைத்தான் அண்ணி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. தினமும் இரண்டு வேளை தான் சோறு பரிமாறும் மாமனாரின் முகம். கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. ஹேர்பேண்ட் பட்டது.

இதை எப்படி எழுதுவது என்று நான் பக்கம் பக்கமாக முயன்றேன். "கவனம் என்பது ஒரு விளக்கு; அதன் வெளிச்சம் விழும் இடம்—" (வேண்டாம்.) "நாம் பார்ப்பதில்லை, எதிர்பார்த்ததைச் சரிபார்க்கிறோம், எனவே—" (இதுவும் வேண்டாம், வகுப்பு எடுப்பது போல் இருக்கிறது.) கடைசியில் அண்ணியிடமே கேட்டேன். அவர் துணி மடித்துக்கொண்டே சொன்னார்:

"போலீஸ் நாய்க்கு ஒரு துணியை மோந்து பாக்கக் கொடுப்பாங்க இல்ல? கண்ணு அப்படித்தான். எதைச் சொல்லி வைக்கிறோமோ அதைப் பிடிச்சுக்கிட்டு ஓடும். வழியில ராஜாவே நின்னாலும் திரும்பிப் பாக்காது. சொல்லி வைக்காம விட்டா எங்கே ஓடறதுன்னு தெரியாம நிக்கும். அதனால சொல்லி வைக்காமலும் முடியாது. தப்பான துணியைக் கொடுத்துட்டோம்னு தெரிஞ்சா உடனே பிடுங்கணும். அதுதான் கஷ்டம். மூக்குல ஏறின வாசனையை எப்படிப் பிடுங்குவே?"

நான் எழுத நினைத்த பக்கங்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேன்.

6

கேமரா அறைக்குத் திரும்புகிறோம். அங்கே அண்ணி அந்த வாசனையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாடி இல்லை, கண்ணாடி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல நிலையத்தில் இருக்கிற கண்ணாடி எல்லாம் துள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. சரி, நீலத்தைத் தேடுவோம் என்று மாற்றிப் பார்த்தார். குப்பைத் தொட்டி நீலம், போர்ட்டர் சட்டை நீலம், நாற்காலி நீலம், தண்ணீர் டிரம் நீலம். பாதி நிலையமே நீலம்.

"இன்னும் எவ்வளவு நேரம்? நான் கீழே போறேன்" என்று அண்ணன் கதவுப் பக்கம் திரும்பினான். அதே நேரம் கதவு திறந்து அடுத்த ஷிப்டுக்காரி உள்ளே வந்தாள். தோளில் பை, காதில் பாட்டு, நடந்தது எதுவும் தெரியாத முகம்.

அண்ணி நாற்காலியிலிருந்து குதித்தார். "காதுல இருக்கறதை எடுக்காதே! யார் என்ன சொன்னாலும் கேக்காதே!"

"என்னக்கா ஆச்சு?" அவள் எடுத்தேவிட்டாள்.

அண்ணி வாக்கி-டாக்கியை அணைத்தார். "ஒண்ணும் கேக்காதே. இங்க வந்து நில்லு. எதையும் தேடாதே. சும்மா ஒவ்வொரு திரையா பாத்துக்கிட்டே வா. உன் கண்ணு எங்கே தானா நிக்குதோ அங்க விரலை வை."

"அவர் வெள்ளைச் சட்டை—" என்று அண்ணன் வாயைத் திறந்தான். ஸ்வெட்டருக்குள் என்ன சட்டை என்று அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது! தவறான அப்பா எட்டி அவன் வாயைப் பொத்தினார். வெளியூர்க்காரர், முன்பின் தெரியாதவர், என் அண்ணன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்ற காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. அங்கே இருந்த யாருக்கும் அப்போது சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண் பார்த்துக்கொண்டே வந்தாள். விரலை ஓர் இடத்தில் வைத்தாள். தள்ளுவண்டி மேல் ஏறி ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. "சரி, மேல போ" என்றார் அண்ணி. இன்னோர் இடம். ஒருவர் முழு உயர நிலைக்கண்ணாடி ஒன்றைச் சுமந்து வந்தார்; அதில் நிலையமே ஆடியது. "மேல போ."

மூன்றாவது திரையில் விரல் நின்றது.

"இவர் என்னக்கா பண்றார்? ஒரு கண்ணைப் பொத்தறார், எடுக்கறார், அடுத்த கண்ணைப் பொத்தறார்…"

கடைசி நடைமேடையின் கோடி. கூரை வேலை நடக்கும் இடம். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கூரைக்குப் பதிலாக ஒரு பெரிய படுதாவைக் கட்டியிருந்தார்கள். நல்ல நீலப் படுதா. ஆனால் வெயில் நேராக அடித்ததால் கேமராவில் அது வெளுத்த சாம்பலாகத்தான் தெரிந்தது. நீலத்தைத் தேடினாலும் அண்ணிக்கு அது சிக்கியிருக்காது. அதன் கீழே, அந்த வெளிச்சத்துக்கு நடுவில், முகத்தை மேலே தூக்கியபடி அப்பா. தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். படுதாவை முழுசாகப் பார்க்க ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தார்.

"மாமா!" என்று அண்ணி திரையைப் பார்த்துக் கத்தினார். திரைக்குக் காது ஏது?

அந்தத் தடத்தில் நிற்காமல் போகும் வண்டி வருவதாக அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

7

அறிவிப்பு மைக் அதே அறையின் மூலையில் இருக்கிறது. அதைத் தொட அண்ணிக்கு அனுமதி இல்லை. தொட்டார்.

பயணிகள் கவனத்திற்கு என்று ஆரம்பிக்கவில்லை. நிலையத்தின் எல்லா ஒலிபெருக்கிகளிலும் எங்கள் வீட்டுக் குரல் கேட்டது.

"மாமா! நான்தான் பேசறேன். பின்னாடி போகாதீங்க! மாமா, முன்னாடி வாங்க, சுவர் பக்கம் வாங்க, மாமா!"

நிலையத்தில் எத்தனை மாமாக்கள் இருந்திருப்பார்கள்! அத்தனை பேரும் நின்றுவிட்டார்களாம். ஒருவர் வைத்திருந்த டீயோடு சுவர் ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டாராம். காவலர் சொன்னது இது.

திரையில் அப்பா தலையைத் திருப்பினார். உதடு அசைந்தது. சத்தம் கேட்காது, ஆனால் என்ன கேட்டார் என்று அண்ணிக்குத் தெரியும். "என்னம்மா?" வீட்டில் கூப்பிட்டாலும் அப்படித்தான் கேட்பார்.

அப்போது வண்டி வந்தது. அந்த கேமரா எதிர் நடைமேடையில், அவரைப் பக்கவாட்டில் காட்டும்படி கோணலாக மாட்டியிருந்தது. அதனால் அப்பாவுக்கும் கேமராவுக்கும் நடுவில் பெட்டி, ஜன்னல், பெட்டி, ஜன்னல் என்று திரை முழுக்க இரும்பு ஓடியது. அண்ணன் அதற்குள் படிக்கட்டில் பாய்ந்திருந்தான்.

இந்த இடத்தில் எழுத்தாளருக்கு ஒரு கெட்ட ஆசை வரும். எனக்கும் வந்தது. "வண்டி கடந்ததும் நடைமேடை காலியாக இருந்தது. நீல வெளிச்சம் மட்டும்—" என்று எழுதினேன். அழகான வாக்கியம். அதை எழுதிய அன்று மாலை அப்பா என் எதிரே உட்கார்ந்து விறைப்பாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தைப் பார்த்தேன். கை கூசியது. கிழித்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுதினேன். அதில் ரயில்வே அதிகாரிகள் வந்து அண்ணிக்குச் சால்வை போர்த்துகிறார்கள். (அண்ணி படித்துவிட்டு, "நான் முன்னாடியே சொன்னேன், நல்லவளா எழுதாதேன்னு" என்றார்.)

நடந்தது இதுதான். வண்டி போனது. நடைமேடை தெரிந்தது. அப்பா சுவரில் இருந்த ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்று, அதைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டித் திட்டிக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் இருந்த அண்ணனுக்கு அது காதில் விழுந்தது.

"ஏம்மா இப்படிக் கத்தறே? காது எனக்கு நல்லாத்தான் இருக்கு. ஆபரேஷன் கண்ணுக்குத்தான்!"

8

அண்ணன் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தான், இந்தத் தடவை சரியான ஆளை. அழுதுவிட்டான். அப்பா அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார், ஆனால் கவனம் அவனிடம் இல்லை.

"டேய், இங்க வந்து நில்லு. மேலே பாரு."

அண்ணன் பார்த்தான். "படுதாப்பா. கிழிஞ்ச படுதா."

"படுதாவா!" என்றார் அப்பா. அவ்வளவு பரிதாபமாக யாரும் தன்னைப் பார்த்ததில்லை என்கிறான் அண்ணன்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எதேச்சையாகக் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார். எதிரே ஒரு பெண்ணின் குடை. அப்புறம் ஒரு குழந்தையின் ஷூ. அதற்குப் பிறகு மேம்பாலத்தின் அந்தப் பக்கம் துண்டு துண்டாக வானம். தொலைந்து போகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கண் தாவியது, கால் பின்னாலேயே போனது. படுதாவின் கீழே வந்ததும்தான் இடது கண்ணைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. பழைய கண்ணில் அதே படுதா டிகாஷன் ஊற்றிய துணி மாதிரி இருந்ததாம். புதுக்கண்ணில், "எப்படிச் சொல்றதுன்னே தெரியலடா" என்றார். ஆயுள் முழுக்க அடுத்தவருக்கு வழி சொன்ன மனிதருக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

தவறான அப்பாவின் மகளும் வந்து சேர்ந்தாள். அவளும் பாவம், ஒவ்வொரு கேட்டாகப் போய், "கருப்புக் கண்ணாடி, ஸ்வெட்டர்" என்று சொல்ல, "அவர் அப்பவே கிடைச்சுட்டார், மகன் வந்தாச்சு" என்று அனுப்பிவிட்டிருக்கிறார்கள். தனக்கு ஓர் அண்ணன் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மைக்கைத் தொட்டதற்கு சூப்பர்வைசர் அண்ணியை நிற்க வைத்துத் திட்டினார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அந்த அறையில் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. காணவில்லை என்று தகவல் வந்தால், அடையாளம் சொல்வதற்கு முன்னால் ஒருவரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். எல்லோரும் சொன்னதைத் தேடுவார்கள். அந்த ஒருவர் பிறகு வந்து சும்மா பார்ப்பார். யாருக்கு வெளியே போகும் வாய்ப்பு என்று இப்போது போட்டியாம், டீ குடிக்கலாமே.

ரயிலில் வீடு திரும்பும்போது அப்பா அண்ணனிடம் ஒரு விஷயம் சொன்னார். "அடுத்த கண்ணு ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல."

"ஏம்ப்பா? இவ்வளவு நல்லாத் தெரியுதுங்கறீங்க!"

"வீட்டுக்குப் போய்த்தான் சொல்லணும்."

9

வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். அண்ணி வருவதற்கு முன்னால் நடந்தது இது. எங்களுக்கு எதுவும் தெரியாது. "கொஞ்சம் லேட்டாகும்" என்று மட்டும் அண்ணன் போனில் சொல்லியிருந்தான்.

வாசலில் சத்தம். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். அண்ணன் பேயறைந்தவன் மாதிரி பின்னால் நின்றான். அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"போடுங்க அதை. டாக்டர் கழட்டச் சொன்னாரா?"

அப்பா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மறுபடி முதல் கண்ணுக்கு வந்தார். அவசரமே இல்லை. வாசலில் நிற்கிறோம், தெருவில் ஆட்கள் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இல்லை.

"என்ன இது, பிள்ளைங்க முன்னாடி?" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. ஒரு கையால் முன்நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

அப்பா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

அதை நான் எழுதப்போவதில்லை. மறந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். நன்றாகவே காதில் விழுந்தது. எழுதினால் என்ன ஆகும் என்று இதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்த வாக்கியம் உங்கள் கண்ணில் ஏறிக்கொள்ளும். அதை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்ப்பீர்கள், அதற்குப் பொருந்துவது மட்டும் தெரியும். மற்றதெல்லாம் படிக்கட்டு வெள்ளைச் சட்டைக்காரர் மாதிரி ஒதுங்கி நின்றுவிடும். என் அம்மா அப்படி ஒதுங்கி நிற்க வேண்டியவள் இல்லை.

அதற்கு அம்மா கேட்டதை மட்டும் சொல்கிறேன். சிரிப்பை அடக்கியபடி கேட்டாள்:

"சரி. இதைச் சொல்றது எந்தக் கண்ணு?"

அப்பா யோசித்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டார்.

எந்தக் கண்ணை என்று நான் பார்த்தேன். நீங்களும் அந்த வாசலில்தான் நிற்கிறீர்கள். நான் எதையும் சொல்லி அனுப்பவில்லை. பாருங்கள்.